ஜனவரி 31க்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் நீடாமங்கலம் பக்கம். விதையும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு தனியார் கம்பெனியில் 2021 ஜூலை 1 முதல் களப் பொறுப்பாளராக இருக்கிறேன். மன்னார்குடி, நீடாமங்கலம், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி டீலர்கள் என் பொறுப்பு. முதல் மூன்று வருடம் டார்கெட்டைத் தாண்டினேன். 2025 சம்பாவில் சரிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் வயல்கள் மூழ்கி, டீலர்களிடம் சரக்கு தேங்கிவிட்டது. ஜனவரி 5 அன்று திருச்சிக்குக் கூப்பிட்டு, 90 நாள் பி.ஐ.பி. (வேலைத்திறனை மேம்படுத்திக் காட்டக் கொடுக்கும் கெடு) என்று ஒரு தாளைக் கொடுத்தார் ஏரியா மேனேஜர். மார்ச்சுக்குள் 38 லட்சம் விற்பனை காட்ட வேண்டுமாம். பொங்கலுக்கு முந்தின நாள் ஹெச்.ஆரிலிருந்து போன். “31ஆம் தேதிக்குள் நீங்களே ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் இல்லாமல் உடனே விடுவித்து நல்ல சர்டிபிகேட் தருகிறோம். இல்லையென்றால் கடைசியில் டெர்மினேஷன்தான்” என்றார்கள். சம்பளம் 48,000, அதில் பேசிக் 24,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு மார்ச்சில் தஞ்சாவூரில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வைத்திருக்கிறோம். மச்சான், ‘விட்டுத்தள்ளு, உரக்கடை போடு’ என்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மானத்தோடு வெளியே வந்துவிடுவதா, இருந்து பார்ப்பதா?

பதில்:

அன்புள்ள தம்பி,

31ஆம் தேதி கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வேலையில் கடைசிவரை இருங்கள் என்று சொல்லவில்லை. ஏப்ரலிலோ ஜூலையிலோ நீங்கள் வெளியே வருவதே நல்லது என்று ஆகலாம். ஆனால் அந்தத் தேதியை நீங்கள் குறிக்க வேண்டும், போனில் பேசியவர் குறிக்கக் கூடாது.

ஹெச்.ஆர். மேசையின் அந்தப் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பி.ஐ.பி. தொடங்கி ஒன்பது நாளில் ‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்பதற்குக் காரணம் உங்கள் மேல் உள்ள அக்கறை இல்லை. ஒருவரை நீக்குவதென்றால் காரணம் எழுத வேண்டும், வாராவாரம் கூட்டம் நடத்தியதற்குப் பதிவு வேண்டும், மேலே ஒப்புதல் வாங்க வேண்டும், நாளைக்கு அவர் வக்கீல் நோட்டீஸ் விட்டால் பதில் சொல்ல வேண்டும். ராஜினாமாக் கடிதம் வந்துவிட்டால் இத்தனையும் ஒரே தாளில் தீர்ந்துவிடும். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டால், அப்புறம் கட்டாயப்படுத்தினார்கள் என்று எங்கே போய்ச் சொன்னாலும் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

‘நோட்டீஸ் இல்லாமல் உடனே விடுவிக்கிறோம்’ என்பதைச் சலுகையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. கணக்குப் பார்ப்போம். உங்கள் நியமன உத்தரவை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். இந்த மாதிரிக் கம்பெனிகளில் பெரும்பாலும் 60 நாள் இருக்கும். நீங்கள் நோட்டீஸ் கொடுத்து அந்த 60 நாளும் வேலை பார்த்தால் இரண்டு மாதச் சம்பளம், 96,000 ரூபாய். அவர்களாக நீக்கினாலும் உத்தரவில் போட்டிருக்கும் நோட்டீஸ் காலத்தையோ அதற்கான சம்பளத்தையோ கொடுக்க வேண்டியிருக்கும். உடனே விடுவித்தால் அது அவர்களுக்கு மிச்சம்.

இதைவிட முக்கியமானது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் அது கிடைக்கும். நீங்கள் சேர்ந்தது 2021 ஜூலை 1. வரும் ஜூன் 30 முடிந்தால் ஐந்து வருடம் முழுசாகிறது. பேசிக் 24,000 என்றால் அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள்: 69,230 ரூபாய் வருகிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ‘ஊதியம்’ என்பதற்கு விளக்கம் மாறியிருப்பதால் இது குறைய வழியில்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய 1972ஆம் வருடச் சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளத்தோடு வரும் ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளையும் சேர்த்து எண்ணினால் உங்களுக்கு அந்த 240 நாள் பிப்ரவரி கடைசி வாரத்தில் முடிகிறது. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளைக் கழித்து எண்ணுவோம் என்று கம்பெனி முரண்டு பிடித்தால் ஏப்ரல் நடுவில் முடியும். எப்படி எண்ணினாலும் ஜனவரி 31 அன்று வெளியே வந்தால் அந்தப் பணத்தைக் கேட்கவே முடியாது. அவர்கள் சொல்லும் தேதி வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்று ஆராய வேண்டாம். உங்களுக்கு அது சரிவராத தேதி, அவ்வளவுதான். உங்கள் நியமன உத்தரவில் ‘இத்தனை வருட ஒப்பந்தம்’ என்று காலவரை போட்டிருந்தால் விஷயம் வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி அந்த மாதிரி ஊழியர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, பணம் ஒரு பக்கம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த 38 லட்சம்தான் என்று நினைக்கிறேன். அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை டெல்டாவில் என்ன விற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் திருச்சியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கும், எக்செல் தாளை மட்டும் பார்க்கும் ஹெச்.ஆருக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். களைக்கொல்லி நடவு முடிந்து மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் விற்றாக வேண்டிய சரக்கு. குறுவைக்கு ஜூன், ஜூலை. சம்பாவுக்கும் தாளடிக்கும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. ஜனவரியில் சம்பா அறுவடைக்கு நிற்கிறது. வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதியோடு மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதன்பிறகு வயலில் ஈரப்பதத்தை நம்பி விதைக்கும் உளுந்தும் பயறும், திருவாரூர்ப் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் போடும் பருத்தியும்தான். நெல்லுக்கு மருந்து வாங்கும் கூட்டம் அப்போது கடைக்கு வராது. ஒரு வருட சராசரியை நான்கால் வகுத்து 38 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அப்படியானால் உங்கள் இடத்தில் கம்பெனியின் மிகச் சிறந்த ஆளை உட்கார வைத்தாலும் தோற்றுத்தான் போவார்.

ஆனால் இதே மூன்று மாதம் வசூலுக்கு நல்ல காலம். நெல் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் விவசாயி வங்கிக் கணக்கில் ஏறி, அவர் கடைப் பாக்கியைக் கட்டி, கடைக்காரர் கம்பெனிக்குக் கட்டும் சங்கிலி பிப்ரவரி, மார்ச்சில்தான் நகரும். நீங்கள் எதில் ஜெயிக்க முடியுமோ அதை அந்தத் தாளில் ஏற்றுவதுதான் இப்போது உங்கள் முதல் வேலை.

இந்த வாரமே ஏரியா மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள், ஹெச்.ஆருக்கு நகல் வையுங்கள். வழக்கம்போல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். உள்ளடக்கம் இவ்வளவுதான்: ‘ஜனவரி 5 அன்று கொடுத்த திட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை 38 லட்சம் விற்பனை என்று இருக்கிறது. என் பகுதியில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருடங்களிலும் இதே மூன்று மாத விற்பனை இவ்வளவு இவ்வளவு. இது நெல் அறுவடைப் பருவம். டீலர் பாக்கி வசூல், தேங்கிய சரக்கைக் குறைப்பது, உளுந்துக்கும் பருத்திக்குமான மருந்து விற்பனை, இத்தனை கிராமக் கூட்டங்கள் ஆகியவற்றை அளவுகோலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் வாராவாரம் கணக்குக் காட்டுகிறேன்.’ மழையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் போதும், எந்தெந்தக் கிராமங்களில் எத்தனை டீலரிடம் சரக்கு நின்றுவிட்டது என்ற விவரத்தோடு. புலம்பலாகத் தெரியும் எந்த வரியும் வேண்டாம். போன மேனேஜர் நல்லவர், இவர் சரியில்லை என்பதெல்லாம் கூடவே கூடாது.

அதற்கு வரும் பதிலில் உங்கள் கேள்விக்கான விடை பாதி கிடைத்துவிடும். திட்டம் உண்மையானது என்றால் மேனேஜர் பேரம் பேசுவார். 38ஐ 22 ஆக்குவார், வசூலைச் சேர்ப்பார், ஒரு நாள் உங்களோடு பைக்கில் ஏறித் திருத்துறைப்பூண்டி வரை வந்து டீலரைப் பார்ப்பார். பி.ஐ.பி.யிலிருந்து மீண்டு, அடுத்த இரண்டு வருடத்தில் பதவி உயர்வு வாங்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோர் விஷயத்திலும் மேலே இருந்த ஆள் நேரம் ஒதுக்கினார். திட்டம் வெறும் சடங்கு என்றால் அதுவும் சீக்கிரம் தெரிந்துவிடும். மெயிலுக்குப் பதில் வராது, ‘போனில் பேசிக்கொள்ளலாம்’ என்பார்கள். வாரக் கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போகும். மன்னார்குடி டீலரிடம் பக்கத்து ஏரியாக்காரர் வந்து அறிமுகப்படுத்திக்கொள்வார். பிப்ரவரி 4 அன்று முதல் 30 நாள் முடிகிறது. அன்றைக்குள் இந்த அறிகுறிகளில் எது வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பி.ஐ.பி. தாளில் கையெழுத்துக் கேட்டால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சடித்திருந்தால் பக்கத்தில் ‘என் மெயிலில் சொன்ன விவரங்களுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, மெயில் அந்தக் குறையைத் தீர்க்கும். ஹெச்.ஆர். மறுபடி போன் செய்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அன்று மாலையே ‘இன்று நீங்கள் போனில் சொன்னது இது, நான் திட்டத்தைத் தொடர விரும்புகிறேன்’ என்று மெயிலில் எழுதிவிடுங்கள். சண்டை தொனி வேண்டாம்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் இது இல்லை, ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

மார்ச் கடைசி வாரம் வரும். எண் எட்டாது. நன்றாகப் பழகிய ஒரு டீலர், ‘தம்பி, என் பேரில் எட்டு லட்சத்துக்கு பில் போட்டுக்கோ, ஏப்ரலில் ரிட்டர்ன் எடுத்துக்கலாம்’ என்பார். உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்வார். அல்லது வசூல் காட்டுவதற்காக உங்கள் சொந்தச் செக்கை டீலர் கணக்குக்குக் கொடுக்கத் தோன்றும், மனைவியின் வளையலை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டத் தோன்றும். எதையும் செய்யாதீர்கள். விற்பனை குறைந்தால் அதிகபட்சம் வேலை போகும். பொய் பில் போட்டால் அது ஒழுங்கீனம், மோசடி. அதற்கு விசாரணை வைக்கலாம், பணிக்கொடையில் கை வைக்கலாம், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது ‘நேர்மை குறித்த புகார்’ என்று ஒரே வார்த்தையில் உங்களை முடித்துவிடலாம். டீலரிடமிருந்து ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்காதீர்கள், நேராகக் கம்பெனிக் கணக்குக்கே போகட்டும். அதே மாதிரி பயணப்படி. பி.ஐ.பி.யில் இருக்கும் ஒருவரின் பழைய பெட்ரோல் பில்லை எடுத்து, போனில் உள்ள ஆப் காட்டும் கிலோமீட்டரோடு ஒப்பிடுவது சர்வ சாதாரணம். இந்த மூன்று மாதம் கூத்தாநல்லூர் போனால் கூத்தாநல்லூர் என்றுதான் எழுத வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். நண்பர்கள் யாராவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவைச் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமலோ ஒரு மாத நோட்டீஸ் இல்லாமலோ நீக்கக் கூடாது, நீக்கினால் தொழிலாளர் துறையிடம் முறையீடு செய்யலாம் என்பது அந்தப் பிரிவு. நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அதே 1947ஆம் வருடச் சட்டம், பயணம் செய்து பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று முன்னாலேயே விலக்கு வைத்திருக்கிறது. உங்கள் வேலை அதற்குள் வந்துவிடும். அதனால் ‘கேஸ் போட்டுப் பார்த்துக்கலாம்’ என்ற தைரியத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். கையில் உறுதியாக இருப்பது உங்கள் நியமன உத்தரவும், பணிக்கொடையும், சம்பளப் பாக்கியும். அந்தப் பாக்கியை, நீங்கள் விலகினாலும் அவர்கள் நீக்கினாலும், இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது.

வேலை தேட இதைவிட நல்ல மாதம் உங்கள் தொழிலில் கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பை மனதில் வைத்து, குறுவைக்கு முன் களத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் எல்லாக் கம்பெனியும் ஆள் எடுக்கும். வேலையில் இருந்துகொண்டே கேட்பவருக்கும், விட்டுவிட்டு வந்து கேட்பவருக்கும் நேர்முகத்தில் கிடைக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது. ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் கதை கட்ட வேண்டாம். ‘மூன்று வருடம் இலக்கைத் தாண்டினேன், போன சம்பாவில் மழையால் சரிந்தது, என் வசூல் இன்னும் நன்றாக இருக்கிறது’ என்று எண்ணோடு சொல்லுங்கள். பி.ஐ.பி. பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும், ஆமாம் என்று சொல்லுங்கள். மறைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் நாலு டீலர் நாலு கம்பெனி மேனேஜர்களோடு தினம் பேசுகிறார்கள், விஷயம் எப்படியும் போய்ச் சேரும். அதே டீலர்கள் உங்களைப் பற்றி நல்லதும் சொல்வார்கள், அதுதான் உங்கள் உண்மையான சர்டிபிகேட்.

மச்சான் சொல்லும் உரக்கடையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தப்பான யோசனை என்பதால் இல்லை. அந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்: ஜூனில் கொடுத்த சரக்குக்கு அக்டோபரில் பணம், அக்டோபரில் கொடுத்ததற்கு மாசியில் பணம், நடுவில் ஒரு மழை வந்தால் இரண்டும் இல்லை. அவமானத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. வேறு வேலையில் அமர்ந்து ஒரு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் அப்போது உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அம்மாவின் அறுவை சிகிச்சையை முடிந்தால் பிப்ரவரிக்கே நகர்த்துங்கள். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் பொதுவாக உங்கள் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். 31ஆம் தேதி கையெழுத்துப் போட்டிருந்தால் மார்ச் ஆபரேஷனுக்கு முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும். டாக்டரிடம் தேதி கேட்கும்போதே ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் முன் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு வெளியே வரும் நிலை வந்தால், அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். கடைசி நாளுக்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

எப்போது விலகலாம்? மூன்று நிலைமையில். கையில் இன்னொரு கம்பெனியின் உத்தரவு வந்துவிட்டால் யோசிக்காமல் நோட்டீஸ் கொடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பைக் ஓட்டும்போது கவனம் சிதறுகிறது என்ற நிலை வந்தால் பணிக்கொடையும் வேண்டாம், எதுவும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்த்து விடுப்பு எடுங்கள், பிறகு விலகுங்கள். மூன்றாவது, திட்டம் சடங்குதான் என்று பிப்ரவரியில் தெரிந்து, மார்ச் நடு வரை வேறு வேலையும் அமையவில்லை என்றால் நீங்களே ஹெச்.ஆரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்போது கேட்க வேண்டியது: கடைசி நாள் ஜூன் 30, முடியாவிட்டால் குறைந்தது ஏப்ரல் முடிய; நோட்டீஸ் சம்பளம்; நிலுவை இன்சென்டிவ்; அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் வரும் என்பதன் நகல். நாலும் மெயிலில் வந்த பிறகுதான் ராஜினாமாக் கடிதம். அவர்களுக்கு உங்கள் கடிதம் தேவை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதனால் நீங்கள் வெறுங்கையோடு போய் உட்காரவில்லை.

அப்பாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். மழையில் மூழ்கிய பயிரைப் பல தடவை பார்த்தவராக இருப்பார். மகனின் ஒரு போகம் சரிந்ததற்காக அவர் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. வெளியே ஒரு டீலர் வாயால் தெரிந்துகொண்டால்தான் அவருக்கு வலிக்கும்.

பி.ஐ.பி. தாளின் நகலையும் நியமன உத்தரவையும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பிப்ரவரி 4க்கு முன்னால் படித்துவிட்டு, மெயில் வாசகத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று எழுதுகிறேன்.